கைப்பைக்குள் துப்பாக்கி

ஆசிரியருக்கு,

டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிய பெரும்பாலானோர் உரிமமோ பயிற்சியோ இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். தற்காப்புக்கு என்கிறார்கள், சரி. ஆனால் தினமும் சுமப்பவருக்கு அது இருப்பதே மறந்துபோகிறது. 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பெரும்பாலானவற்றில் குண்டு நிரப்பியிருந்தது.

2014 டிசம்பரில் ஐடஹோ மாநில வால்மார்ட் ஒன்றில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பையைத் துழாவியது. துப்பாக்கி வெடித்து அவர் அங்கேயே இறந்தார். உரிமம் பெற்றவர்தான். துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் அறை வைத்த பைதான்.

விசையை மூடும் உறையில் போட்டு, உடம்போடு சேர்த்து வைக்க முடியாதவர்கள் தயவுசெய்து அதை வீட்டிலேயே பூட்டி வையுங்கள். பயிற்சியைச் சட்டம் மறுபடியும் கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், ஹூஸ்டன்