தக்கை இல்லாத தூண்டில்

டைலர், டெக்சாஸ்
ஏப்ரல் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கண்மாயில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது, சித்திரை கழிந்ததும் மீன்பிடித் திருவிழா வைக்கலாம் என்று ஊரில் பேச்சு நடக்கிறது என்று எழுதியிருந்தாய். படிக்கும்போதே கரையில் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவதும், ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே ஒரே பாய்ச்சலில் தண்ணீரில் இறங்குவதும் கண்ணுக்குள் வந்துவிட்டது. சின்னவளுக்கு வேலை கிடைத்த செய்தி வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சியின் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? எனக்கு இடது முழங்கால் கொஞ்சம் தகராறு செய்கிறது. படகில் ஏறி இறங்கும்போது மட்டும்தான், மற்றபடி நலம்.

இங்கே பாஸ் மீன் பிடிக்க நான் தூண்டிலில் மாட்டுகிற ரப்பர் புழுவைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "ரப்பர் புழுவை எந்த மீனடா கடிக்கும்?" என்று கேட்டிருந்தாய். மண்வெட்டியால் வாய்க்கால் ஓரத்தைக் கிளறி, தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு சேர்த்துக்கொண்டு போன உனக்கு அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது.

முதலில் மீனைச் சொல்கிறேன். பாஸ் என்றதும் கொடுவாயை நினைத்துவிடாதே. அது வேறு இனம். இது ஏரியிலும் ஆற்றிலும் இருக்கும் நன்னீர் மீன், இங்கே லார்ஜ்மவுத் பாஸ் என்பார்கள். பச்சை முதுகு, பக்கவாட்டில் கறுப்பாக ஒரு பட்டை. வாயை மூடியிருக்கும்போதே மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போய் நிற்கும், அவ்வளவு பெரிய வாய். குணத்தில் நம்ம விரால்தான். மறைந்து நிற்கும், பக்கத்தில் வந்ததை அடிக்கும். முட்டையையும் குஞ்சையும் ஆண்மீன் பக்கத்திலேயே நின்று காக்கும். சிவப்புக் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் விரால் நிற்குமே, அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த மீனைப் புரிந்துகொள்ள நாளாகவில்லை.

அது இரையைக் கடிப்பதே இல்லை, உறிஞ்சுகிறது. வாயையும் செவுளையும் ஒரே நேரத்தில் விரித்தால் தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். மரத்திலோ கெட்டி பிளாஸ்டிக்கிலோ செய்த பொய்மீன் என்றால் உடனே துப்பும். புழு மெத்தென்று இருப்பதால் இன்னும் ஓரிரு நொடி வாயில் வைத்திருக்கும். அந்த ஓரிரு நொடிதான் நமக்குக் கிடைப்பது. சில புழுக்களில் உப்புக்கூடக் கலந்திருக்கிறார்கள். எடை கூடித் தானாக மூழ்கும், மீனும் இன்னும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும்.

இந்தப் புழு பிறந்த கதையும் எனக்குப் பிடிக்கும். 1949இல் ஒஹாயோ மாநிலம் ஆக்ரனில் நிக் க்ரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் நிஜமான மண்புழுவை வைத்து அச்சு எடுத்து, வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி ஊற்றிப் பார்த்தார்கள். பிறகு அந்தத் தொழில் நான் இப்போது இருக்கிற இந்த டைலர் ஊருக்கே வந்து சேர்ந்தது. வேலைக்காக இங்கே குடிவந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெருக்கோடியில் இருந்த ஒரு பெரியவர்தான் சொன்னார், கற்றும் கொடுத்தார். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் கொடுத்த ராடுதான், அதாவது தூண்டில் கம்புதான், இன்னும் என் கையில்.

சரி, புழுவைக் கோக்கும் விதம். பார்சலில் அனுப்புகிறேன் என்று சொன்னேனே, அது வந்ததும் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். இதற்கு டெக்சாஸ் ரிக் என்று பெயர். தூண்டில் நரம்பில் முதலில் தோட்டா மாதிரி இருக்கும் எடைக்குண்டைக் கோத்துக்கொள், கூர் பக்கம் ராடைப் பார்த்து இருக்க வேண்டும். ஏழு கிராம் போதும். அப்புறம் தூண்டில் முள்ளைக் கட்டு. தலைப்பக்கம் படிக்கட்டு மாதிரி மடிந்திருக்கிற முள் அது. ஏழு அங்குலப் புழுவுக்கு 3/0 அளவு. முள்நுனியைப் புழுவின் தலையில் நேராகக் கால் அங்குலம் குத்திப் பக்கவாட்டில் வெளியே எடு. முள் முழுவதையும் அந்த ஓட்டை வழியாக இழு, மடிந்த இடம் தலைக்குள் போய் உட்காரும். இப்போது முள்ளை அரைச்சுற்றுத் திருப்பினால் நுனி புழுவின் உடம்பைப் பார்க்கும். புழுவைத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு எந்த இடத்தில் படுகிறது என்று நகத்தால் அடையாளம் வை. அந்த இடத்தில் குத்தி மறுபக்கம் வெளியே கொண்டுவா. கடைசியாக நுனியைப் புழுவின் தோலுக்கு அடியில் நூலளவு செருகிவிடு.

எல்லாம் முடிந்ததும் புழுவைத் தூக்கிப் பார். நேராகத் தொங்க வேண்டும். கொஞ்சம் வளைந்தோ சுருங்கியோ இருந்தால் கழற்றி மறுபடி கோத்துவிடு, சோம்பல்படாதே. வளைந்த புழு தண்ணீரில் சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீனும் சீண்டாது. நூறு தடவை சொல்வார் அந்தப் பெரியவர்.

முள்நுனி வெளியே தெரியாததால் எந்தப் புதருக்குள் போட்டாலும் மாட்டாமல் வரும். நம்ம கண்மாய்க்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை மாப்பிள்ளை. சீமைக் கருவேலம் உள்ளே வளர்ந்து முள்ளாக நிற்கிற இடத்தில்தான் விரால் கிடக்கும், அங்கே நாம் எத்தனை தூண்டில் முள்ளைப் பறிகொடுத்தோம்! அந்தக் கருவேலத்தின் சொந்தக்கார மரம் இங்கேயும் உண்டு, மெஸ்கீட் என்பார்கள். முதல் தடவை பார்த்தபோது ஊர் ஞாபகத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

கோப்பது ஒரு நாளில் வந்துவிடும். வீசிய பிறகு செய்வதுதான் எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை முங்குகிறதா என்று பார்த்துப் பழகிய கண் நமக்கு. இதில் தக்கையே கிடையாது. பார்க்க ஒன்றும் இருக்காது, எல்லாம் விரலில்தான். வீசியதும் நரம்பைக் கொஞ்சம் தளர்வாக விட்டுக் குண்டு தரையைத் தொடும் வரை பொறுத்திரு. அந்த இறக்கத்தில்தான் பாதிக்கு மேல் மீன் எனக்கு மாட்டியிருக்கிறது. தரை தொட்டதும் ராடு நுனியை இடுப்பு உயரத்திலிருந்து நெஞ்சு உயரத்துக்கு மெதுவாகத் தூக்கு. புழு ஒரு எட்டு எழும்பி மறுபடி விழும். தளர்ந்ததைச் சுற்றிக்கொள். சும்மா இரு. மறுபடி தூக்கு. அவ்வளவுதான்.

ஆள்காட்டி விரலை நரம்புக்கு அடியில் வைத்துக்கொள். சரளைக்கல் தரை என்றால் கிறுகிறுவென்று வரும். பாசி என்றால் மெத்தென்று இழுத்து விடும். மரக்கிளை என்றால் கனம் மெல்ல ஏறி, பிறகு சட்டென்று விடுபடும். மீன் என்றால் டக், டக். யாரோ கதவை ஒற்றை விரலால் தட்டுவது மாதிரி. சில சமயம் அதுவும் இருக்காது, நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகரும், இல்லாவிட்டால் குண்டின் கனமே காணாமல் போகும்.

தட்டியதும் கை துடிக்கும். நான் முதல் வருடம் பூராவும் தளர்ந்த நரம்போடு சுண்டிச் சுண்டி வால் அறுந்த புழுவைத்தான் திரும்ப எடுத்தேன். முதலில் ராடைத் தாழ்த்த வேண்டும், தளர்வைச் சுற்ற வேண்டும், நரம்பு விறைத்ததும் பலமாகச் சுண்ட வேண்டும். முள் முதலில் புழுவைக் கிழித்து, பிறகுதான் மீன் வாயில் ஏறும். அதனால்தான் அந்தப் பலம்.

போன சனிக்கிழமை லேக் ஃபோர்க் ஏரிக்குப் போயிருந்தேன். இங்கிருந்து ஒரு மணி நேரம். 1980இல் அணை கட்டித் தண்ணீர் விட்டபோது நிறைய மரங்களை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் பட்ட மரங்கள் தண்ணீருக்கு மேல் காடு மாதிரி நிற்கின்றன. டெக்சாஸ் மாநிலத்தின் மிகப் பெரிய லார்ஜ்மவுத் பாஸ் 1992 ஜனவரியில் இங்கேதான் கிடைத்தது, 18.18 பவுண்டு. நம்ம கணக்கில் எட்டேகால் கிலோ. அது மாட்டியது உயிர்மீனில்தான், புழுவில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் காற்றே இல்லை. இப்போது முட்டையிடும் காலம், ஆழமில்லாத இடத்தில் வட்டமாகத் துடைத்துவிட்ட மாதிரிக் கூடுகள் தெரிந்தன. அதன்மேல் போட மனம் வரவில்லை. ஆண்மீனைத் தூக்கிவிட்டால் சின்ன மீன்கள் வந்து முட்டையைத் தின்றுவிடும். கொஞ்சம் தள்ளி ஆறடி ஆழத்தில் ஒரு பட்டமரத்தடியில் பச்சைப் பூசணி நிறப் புழுவை இறக்கினேன். தண்ணீர் தெளிவாக இருந்தால் அந்த நிறம், கலங்கலுக்குக் கறுப்பும் நீலமும். மூன்றாவது தடவை இறங்கும்போது நரம்பு பாதியிலேயே நின்றது. ஆறடி ஆழத்தில் குண்டு மூன்றடியிலேயே நிற்கிறதென்றால் நடுவில் யாரோ வாங்கிக்கொண்டார்கள் என்று அர்த்தம். தாழ்த்தினேன், சுற்றினேன், சுண்டினேன். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றப் பார்த்தது, பிறகு மேலே பாய்ந்து தலையை உதறியது. செவுளின் சிவப்பு முழுக்கத் தெரிந்தது. கீழ் உதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கி அளந்தேன், 21 அங்குலம்.

இந்த ஏரியில் 16இலிருந்து 24 அங்குலம் வரை உள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே விட்டுவிட வேண்டும். நன்றாக முட்டையிடும் பருவம் அது. தண்ணீரில் வைத்துப் பிடித்திருந்தேன், வாலை ஒருமுறை வீசிவிட்டுப் போய்விட்டது. கட்டைவிரலில் அதன் பல் பட்ட சொரசொரப்பு நேற்றுவரை இருந்தது.

பார்சலில் புழு நான்கு பாக்கெட், முள் இருபது, குண்டு பத்து இருக்கும். ஒவ்வொரு நிறத்தையும் அதனதன் பையிலேயே வை, சேர்த்து வைத்தால் சாயம் ஒன்றில் ஒன்று ஏறும். எவர்சில்வர் டப்பாவில் போட்டாலும் பரவாயில்லை, சாதா பிளாஸ்டிக் டப்பாவில் போடாதே. எனக்கு ஒரு கோடைக்காலத்தில் டப்பாவும் புழுவும் சேர்ந்து ஒரே பசையாகிவிட்டது. கிழிந்த புழுவைக் கண்மாயில் எறிந்துவிடாதே மாப்பிள்ளை. அது மக்காது, மீன் விழுங்கினால் வயிற்றிலேயே கிடக்கும். சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடு.

திருவிழாவுக்கு முன்னால், கருவேலங்காட்டுப் பக்கம் தண்ணீர் நிற்கிற அந்த மூலையில் ஒரு விடியற்காலை போட்டுப் பார். குஞ்சோடு நிற்கிற விராலை விட்டுவிட்டு மற்றதைப் பார். என்ன தட்டு தட்டியது, எந்த நிறத்துக்கு வந்தது என்று விவரமாக எழுது. டிசம்பரில் நான் வருகிறேன், அதற்குள் மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்தால் இருவரும் சேர்ந்தே போகலாம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை