மருமகனுக்காக, ரியெகாவிலிருந்து

அன்பு மக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. கப்பல் பழுதுபார்க்க டிரைடாக்கில் ஏறிய நாளிலிருந்து என்ஜின் ரூமிலேயே கிடக்கிறோம், ராத்திரி கேபினுக்கு வந்து படுத்தால் கை தூக்க வராது, அதனால்தான் தாமதம். இன்றைக்கு அரை நாள் லீவு கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் முடிந்து நீ தினமும் போய் மருந்து விட்டுவிட்டு வந்தாயாமே, போனில் சொல்லும்போது அம்மாவுக்குக் குரல் தழுதழுத்தது. நான் செய்ய வேண்டியதை நீ செய்கிறாய். இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் அடுத்த விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உன் மருமகன், அக்கா பையன் விஷயம். பத்தொன்பது வயசில் கால்பந்து ஆட வாய்ப்புக் கிடைக்காமல் ஒரு சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, பூட்ஸைக் கழற்றி வைத்துவிடலாம் என்கிறானாம், ஒரு சின்ன டீம் கூப்பிடுகிறது, ஆனால் பெரிய அகாடமியை விட்டு அங்கே போனால் கீழே இறங்கின மாதிரி ஆகிவிடாதா என்று அக்கா பயப்படுகிறாள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். போகச் சொல், மக்கா. யோசிக்கவே வேண்டாம். நான் இப்போது நிற்கிற ஊருக்கும் இந்தப் பதிலுக்கும் சம்பந்தம் இருக்கிறது, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஊர் பெயர் ரியெகா. குரோஷியாவின் பெரிய துறைமுகம், மலை அப்படியே கடலில் வந்து இறங்குகிற ஊர். காலையில் பஸ் பிடித்து மேற்கே கான்ட்ரிடா என்ற பகுதிக்குப் போனேன், அங்கேதான் ரியெகா கிளப்பின் பழைய மைதானம் இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கச் செங்குத்தான பாறை, ஒரு காலத்தில் கல் வெட்டி எடுத்த இடமாம், மறு பக்கம் கடல், நடுவில் மைதானம். ஓங்கி அடித்தால் பந்து தண்ணீரில் போய் விழும் என்று தோன்றும். நம்ம கடற்கரையில் மணலில் ஆடும்போது பந்து அலையோடு போய்விடுமே, யாராவது ஒருத்தன் நீந்திப் போய் எடுத்து வருவானே, அதுதான் ஞாபகம் வந்தது. பெரிய டீம் இப்போது இங்கே ஆடுவதில்லை, 2015இல் மேலே ருயெவிட்சா என்ற மலைச்சரிவுக்கு மாறிவிட்டார்கள். வேலி ஓரமாக நின்றுதான் பார்த்தேன். ஆனாலும் ரொம்ப நேரம் நின்றேன், ஏனென்றால் ஆந்த்ரேய் க்ரமாரிச் இந்தப் புல்லில்தான் ஆளானான்.

உனக்கு அவனை 2018 உலகக் கோப்பையில் இருந்து தெரியும். காலிறுதியில் ரஷ்யாவுக்கு எதிராகத் தலையால் சமன் செய்தானே, அதற்கு முன் டென்மார்க்கோடு பெனால்டி ஷூட் அவுட்டில், முதல் ஆள் அடித்தது வீணாகிப் போன பிறகு ரெண்டாவதாக வந்து உள்ளே போட்டானே, அவன்தான். இறுதி ஆட்டத்திலும் மாற்று ஆளாக இறங்கினான். அதெல்லாம் பின்னால் வந்தது. அதற்கு முன் அவன் பட்டபாடுதான் உன் மருமகனுக்குத் தெரிய வேண்டியது.

1991 ஜூன் 19, சாக்ரெப் நகரத்தில் பிறந்தவன். ஆறு வயசில் டினமோ சாக்ரெபின் சிறுவர் அணியில் சேர்ந்துவிட்டான். அது அந்த நாட்டின் பெரிய கிளப், அங்கே ஒரு பையன் சேர்ந்தால் தெருவே பேசும். சிறுவர் அணிகளில் அவன் போட்ட கோல் மட்டும் 450க்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். நானூற்றைம்பது! நாம் ரெண்டு பேரும் வாழ்நாளில் அடித்ததைக் கூட்டினாலும் அதில் பாதி வராது. இப்படி ஒரு பையன் வளர்ந்து வந்தால், அடுத்த பத்து வருஷத்துக்கு ஸ்ட்ரைக்கர் கவலை விட்டது என்றுதானே எந்தக் கிளப்பும் நினைக்கும்?

2009இல் பெரியவர்கள் அணிக்கு வந்தான். அப்புறம் என்ன நடந்தது என்றால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கஷ்டம். யாரும் அவனை விரட்டவில்லை, காலும் உடையவில்லை. கொஞ்சம் ஆடுவான், உட்காருவான், வரிசையில் அவனுக்கு முன்னால் யாராவது இருப்பார்கள், வருஷா வருஷம் பட்டம் வாங்கியே ஆக வேண்டிய டீமில் ஒரு பையன் தப்புச் செய்து கற்றுக்கொள்ள யாருக்கும் பொறுமை இருக்காது. பெஞ்சில் இருக்கிற ஸ்ட்ரைக்கருக்கு அதுதான் விஷம் என்று எனக்குத் தோன்றும். டிஃபென்டர் பத்து நிமிஷத்துக்கு இறங்கினாலும் தன் வேலையைச் செய்துவிட்டுப் போகலாம். கோல் அடிக்கிறவன் எண்பது நிமிஷம் சும்மா ஓடி, எங்கே இடம் திறக்கும், எதிராளி எந்தக் காலில் தடுமாறுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்து, எண்பத்தொன்றாவது நிமிஷம் ஒரு தட்டுத் தட்டுவான். கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் கொடுத்தால் அவன் எதைப் பார்ப்பான்? அவசரத்தில் எங்கேயோ அடிப்பான், 'இவனுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை' என்று எழுதி வைத்துவிடுவார்கள்.

2012 தொடக்கத்தில் அவனை லோகோமோட்டிவா என்ற கிளப்புக்கு லோனில், அதாவது கொஞ்ச காலம் இரவல் ஆளாக ஆட, அனுப்பினார்கள். அதுவும் சாக்ரெப்தான், ஆனால் சின்ன டீம், டினமோவில் இடம் கிடைக்காத பையன்களை ஆட அனுப்புகிற இடம் என்று ஊருக்கே தெரியும். அங்கே போவதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அக்கா இப்போது பயப்படுகிறாளே, அதே பயம் அந்த வீட்டிலும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே போய் என்ன செய்தான் தெரியுமா? 2012-13 சீசனில் லீக்கில் 15 கோல். லோகோமோட்டிவா அந்த வருஷம் இரண்டாம் இடத்தில் முடித்தது! டினமோவுக்கு நேர் கீழே!

இனி டினமோ அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தோன்றும். 2013 ஆகஸ்டில் ரியெகாவுக்கு விற்றுவிட்டார்கள். பதினாறு வருஷம் ஒரே கிளப்பில் இருந்த பையன், சொந்த ஊரை விட்டு இங்கே கடலோரத்துக்கு வந்தான். வயசு 22.

இங்கே கோச்சாக இருந்தவர் மத்யாஷ் கெக், ஸ்லோவேனியாக்காரர். அவர் செய்தது எளிமையான காரியம், ஆட வைத்தார், அடுத்த வாரமும் ஆட வைத்தார். அதே வருஷம் அக்டோபரில் குரோஷியக் கோப்பைப் போட்டியின் முதல் சுற்றில் ஸ்மாய் பிளாட்டோ என்ற குட்டி டீமோடு ஒரு மேட்ச், ரியெகா 11-0 என்று ஜெயித்தது, அதில் எட்டு கோல் இவனுடையது. எதிராளி பலவீனம் என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். சரிதான். ஆனால் நாலு போட்ட பிறகும் அஞ்சாவதுக்கு அதே வேகத்தில் ஓடுகிறவன் கையில் எண்ணிப் பார்த்தால் எத்தனை பேர் இருப்பார்கள்? மற்றவன் எல்லாம் மூணு ஆனதும் கையைத் தூக்கிவிட்டு நடக்க ஆரம்பித்துவிடுவான். அந்தச் சீசன் முடிவில் 2014இல் ரியெகா அந்தக் கோப்பையை வாங்கியது, இறுதியில் தோற்கடித்தது யாரை என்றால் டினமோவை. எனக்கு இதைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

அதற்கு அடுத்த அரை சீசன் இருக்கிறதே, அதைத்தான் காலையில் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் ஓட்டினேன். 2014 அக்டோபரில் ஐரோப்பியக் கிளப்புகள் மோதுகிற யூரோப்பா லீக், நெதர்லாந்தின் ஃபெயெனூர்ட் கிளப் இந்த மைதானத்துக்கு வந்தது. 3-1 என்று ரியெகா ஜெயித்தது, மூன்றும் க்ரமாரிச். நவம்பரில் லீக்கில் ஒரு மேட்ச் 6-0, அதில் ஐந்து அவன் போட்டது, எதிரே நின்றது அவன் லோனில் ஆடின அதே லோகோமோட்டிவா. மொத்தம் 18 லீக் மேட்ச், 21 கோல். ஜனவரியில் கிளம்பிப் போய்விட்டான், ஆனால் மே மாதம் சீசன் முடிந்தபோதும் அந்த 21ஐ ஒருத்தனும் தாண்டவில்லை. நடுவில் செப்டம்பரில் நாட்டுக்கும் ஆட ஆரம்பித்து, மால்டாவுக்கு எதிராக முதல் கோலும் போட்டுவிட்டான். அந்த வருஷம் ஜூனில் பிரேசில் உலகக் கோப்பைக்குப் போன அணியில் அவன் பெயர் இல்லை என்பதையும் சேர்த்துப் பார். மூன்று மாசத்தில் எல்லாம் மாறியது.

கதை இங்கேயே முடிந்தால் நான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். 2015 ஜனவரியில் இங்கிலாந்தின் லெஸ்டர் 90 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது, அந்தக் கிளப் அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. பிப்ரவரியில் லண்டனில் ஆர்சனலுக்கு எதிராக முதல் கோலும் வந்தது. ஆனால் அடுத்த சீசனில் ரனியேரி கோச்சாக வந்தார், முன்னால் ஜேமி வார்டி தொடர்ந்து பதினொரு மேட்சில் கோல் அடித்துக்கொண்டிருந்தான், அவனை யார் வெளியே உட்கார வைப்பார்கள்? க்ரமாரிச்சுக்கு லீக்கில் கிடைத்தது இரண்டே மேட்ச். லெஸ்டர் அந்த வருஷம் பட்டம் வாங்கப் போகிறது என்று உலகமே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, 2016 ஜனவரியில் இவன் மறுபடி லோனில் கிளம்பினான். போன இடம் ஜெர்மனியில் ஹோஃபன்ஹைம், மூவாயிரம் பேர் இருக்கிற ஒரு கிராமத்தின் கிளப், அதுவும் பட்டியலின் அடியில் கிடந்து கீழ் டிவிஷனுக்குப் போகிற நிலையில்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது. முதல் முறை இறங்கிப் போனபோது சின்னப் பையன், அனுப்பினார்கள், போனான். ரெண்டாவது முறை பெரிய விலை பேசப்பட்ட ஆள், நாட்டுக்கு ஆடுகிறவன், பட்டம் வாங்கப்போகிற அணியின் சட்டையோடு உட்கார்ந்தே இருந்திருக்கலாம், சம்பளம் வந்திருக்கும். ஆட இடம் கிடைக்கிற ஊரைத் தேடிப் போனான். போன ஒரு மாசத்தில் அந்தக் கிளப்புக்கு யூலியன் நாகல்ஸ்மன் என்ற கோச் வந்தார், அவருக்கே வயசு 28. டீம் தப்பித்தது, அடுத்த சீசனில் நாலாம் இடம், இவனுக்கு 15 கோல். அந்தக் கிளப்புக்கு பெரிய லீக்கில் இவனை விட அதிகம் கோல் போட்டவன் இன்றைக்கும் யாரும் இல்லை.

இன்னும் ஒன்று. 2017 அக்டோபரில் இதே ரியெகாவில், மேலே சொன்ன ருயெவிட்சா மைதானத்தில், குரோஷியா ஃபின்லாந்தோடு 1-1 என்று டிரா செய்து உலகக் கோப்பை வாய்ப்பையே கிட்டத்தட்டத் தொலைத்தது. கோச்சை மாற்றினார்கள், ஸ்லாட்கோ டாலிச் வந்தார், மூன்றாவது நாள் கியவ் நகரில் உக்ரைனோடு மேட்ச். 2-0, ரெண்டும் க்ரமாரிச். அந்த ரெண்டு கோல் இல்லை என்றால் 2018இல் நாம் பார்த்த அந்த அணி ரஷ்யாவுக்குப் போயிருக்குமா என்பதே சந்தேகம்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் டவுன் டீமில் இரண்டு சீசன் பெஞ்சில் இருந்தேன் இல்லையா, அப்போது பக்கத்து ஊர் டீமில் இருந்து கூப்பிட்டார்கள். வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். அங்கே போய் ஆடுவதா, என் கூட ஆடினவன்கள் என்ன நினைப்பான்கள் என்று வேண்டாம் என்றுவிட்டேன். அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் மரைன் கோர்ஸில் சேர்ந்தேன். இந்த வேலையில் எனக்குக் குறை இல்லை, வீடு கட்டியது, தங்கச்சி கல்யாணம் எல்லாம் இதில்தான். ஆனால் இன்றைக்குக் காலையில் அந்த வேலி ஓரத்தில் நின்றபோது நினைப்பு அங்கேதான் போனது.

அவனிடம் நான் சொன்னதாகவே சொல். போகிற டீமில் கோச் அவனை எத்தனை மேட்ச் இறக்குவார் என்று மட்டும் நேரடியாகக் கேட்கச் சொல், ஜெர்சி, ஹாஸ்டல், எந்த டிவிஷன் எல்லாம் அப்புறம். அக்காவிடம் நானே போனில் பேசுகிறேன், வர்ற புதன்கிழமை உங்கள் ஊர் ராத்திரி எட்டு மணிக்கு, அவளை வீட்டில் இருக்கச் சொல்.

கப்பல் இன்னும் பத்து நாள் இங்கேதான் நிற்கும். அவன் பூட்ஸ் சைஸ் என்ன என்று கேட்டு எழுது, போன தடவை நான் வாங்கி வந்தது சின்னதாகிவிட்டிருக்கும்.

அன்புடன்,
உன் பழைய ரைட் விங்