மருமகனுக்கு, உன் சாட்சி எழுதும் கடிதம்

மருமகனே,

சந்தூர் நாற்றுப்பண்ணையே கதியென்று கிடக்கிறாய். போன் செய்தால் சிக்னல் இல்லை என்கிறாய். நேரில் வந்தால் மாங்கன்றுகளுக்கு நடுவே போய் நின்றுகொள்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஓசூரிலிருந்து அரூர் வரை உன்னைப் போல விசா மறுக்கப்பட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். பெயர் எதையும் போடவில்லை. இது யார் வீட்டுக் கதை என்று காவேரிப்பட்டணத்தில் கண்டுபிடிக்கக்கூடியவர்களுக்கு இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ குற்றவாளி இல்லை. குற்றவாளியைப் போல் நடந்துகொள்வதை நிறுத்து. கனடாவில் இருக்கும் என் மகள் உன்னைக் கணவனாக அங்கே அழைத்தாள், உனக்கு விசா மறுத்துவிட்டார்கள். அதை எதிர்த்துப் போட்ட இந்த மேல்முறையீடு உன்னுடையதே அல்ல, அவளுடையது. கனடாவின் சட்டம் அந்த உரிமையை விண்ணப்பித்தவருக்குத் தரவில்லை, அழைத்தவருக்குத்தான் தந்திருக்கிறது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்து 30 நாட்களுக்குள் அவள்தான் மனுவைப் போட வேண்டும். போட்டுவிட்டாள். நீ வந்த பிறகு மூன்று ஆண்டுகளுக்கு உன் செலவுக்குத் தானே பொறுப்பு என்று முன்பே கையெழுத்திட்டவளும் அவள்தான். அதில் உனக்குக் கொஞ்சம் கூச்சம் இருப்பது எனக்குத் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வழக்கில் நீயும் சாட்சி, நானும் சாட்சி.

'அந்த விசா அதிகாரி நம்மைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட்டார்' என்று என் அண்ணனான உன் அப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடிதத்தை நான் பலமுறை படித்தேன். திருமணம் உண்மையானது என்பதில் தனக்குத் திருப்தி ஏற்படவில்லை என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். விடை சரியாக இருந்தாலும் வழியை எழுதாத பிள்ளைக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. அதே கோபம் என் மீது எத்தனை பெற்றோருக்கு இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. ஆனாலும் அவர் வழியைச் சரியாகத் தேடவில்லை என்ற வருத்தம் எனக்கும் இருக்கிறது.

வழக்கறிஞர் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். கனடாவின் குடியேற்ற ஒழுங்குமுறைகளின் 4ஆம் பிரிவில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தத் திருமணம் உண்மையானதா என்பது ஒன்று. குடியேறும் அனுமதிக்காகவே முதன்மையாகச் செய்துகொண்டதா என்பது மற்றொன்று. முன்பு இரண்டிலுமே தோற்றால்தான் மறுப்பார்கள். 2010 செப்டம்பர் 30 முதல் ஒன்றில் தோற்றாலே போதும். இரண்டாவது கேள்விக்குக் கல்யாணம் நடந்த நாளை வைத்துத்தான் விடை தேடுவார்கள். அன்று மனதில் என்ன இருந்தது என்பதை இனி யாரும் மாற்ற முடியாது. முதல் கேள்வி அப்படி இல்லை. தீர்ப்பு சொல்லும் நாள் வரை நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். விசாரணையும் புதிதாக நடக்கும், அதிகாரி பார்க்காத சான்றுகளையும் கொடுக்கலாம். ஆகவே இந்தக் காத்திருக்கும் மாதங்களும் வழக்கின் பகுதிதான். நீயோ பேசாமல் பண்ணைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறாய்.

அதிகாரியின் குறிப்புகள் மேல்முறையீட்டு ஆவணக் கட்டோடு வந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தாயா? அவர் பிடித்துக்கொண்ட முக்கியமான இடம் இது: இந்தக் கல்யாணம் எப்படி முடிவானது என்று கேட்டதற்குச் சின்ன வயதிலிருந்தே பேசி வைத்தது என்று நீ சொல்லியிருக்கிறாய். அவளோ விண்ணப்பத்தில், 2020 ஊரடங்கில் இரவுதோறும் போனில் பேசிப் பேசி இருவருமாக முடிவெடுத்தோம் என்று எழுதியிருக்கிறாள். அதிகாரி இரண்டையும் அருகருகே வைத்து முரண் என்று குறித்துவிட்டார். இரண்டும் உண்மை என்பது நம் வீட்டு ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். அவள் பிறந்த அன்றே உன் அப்பா 'என் மருமகள்' என்றார். அண்ணன் தங்கை வீடுகளில் அது வழக்கம்தான். அப்படிச் சொல்லப்பட்ட பேச்சுகளில் பாதி கல்யாணம் வரை போவதில்லை. உங்களுடையதும் போயிருக்காது, நீங்கள் இருவரும் அந்த ஊரடங்கில் பேசத் தொடங்கியிராவிட்டால். இதை வரிசைப்படி, ஆண்டுப்படி சொன்னால் முரண் எங்கே இருக்கிறது? நேர்காணலில் நீ ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லி நிறுத்திவிட்டாய். பெரியவர்களிடம் அதிகம் பேசக்கூடாது என்று வளர்த்த வளர்ப்பு, என்ன செய்வது.

அடுத்தது, 2018இல் நீ கனடாவுக்கே மாணவர் விசா கேட்டு மறுக்கப்பட்ட விஷயம். அதை அவர்கள் எடுப்பார்கள், நிச்சயம் எடுப்பார்கள். படிக்கப் போக முடியாதவன் கல்யாணம் செய்து போகப் பார்க்கிறான் என்று கேட்பது அவர்கள் வேலை. மறைக்காதே, மழுப்பாதே. போக நினைத்தாய், கிடைக்கவில்லை, திரும்பி வந்து ஒட்டுக்கட்டக் கற்றாய், இன்று பெங்களூராவும் செந்தூராவும் அல்போன்சாவும் உன் பண்ணையிலிருந்து ஆந்திரா வரை போகின்றன. நன்றாகப் பிழைக்கிறவன் எதற்காக வெளிநாடு போகிறான் என்று கேட்டால், பெண்டாட்டி அங்கே இருக்கிறாள் என்று சொல். அவள் முதுகலை, நீ டிப்ளமோ என்பதையும் குறித்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அவளிடம் கேட்கட்டும். அவள் பதில் சொல்கிற விதத்தில் அடுத்த கேள்வி வராது.

இப்போது நம் வீட்டில் யாரும் வாயைத் திறக்காத விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணப் படங்களைப் பற்றிக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: மணமகளின் குடும்பத்தினர் இறுக்கமாகக் காணப்படுகிறார்கள். அந்தக் 'குடும்பத்தினர்' நான்தான். படம் பொய் சொல்லவில்லை. நான் இந்தக் கல்யாணத்தை எதிர்த்தேன். பெண் கேட்டு வந்த என் அண்ணனைத் தாம்பூலத் தட்டோடு திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு எங்கள் பேச்சு நின்றுபோனது, பெரியவர்கள் நடுவில் வந்து சமாதானம் செய்தது எல்லாம் உனக்குத் தெரியும். வழக்கறிஞரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. குடும்ப மானமாம்.

நான் எதிர்த்தது உன்னை அல்ல, உறவுக்குள் கட்டுவதை. சாதாரணமாக எந்தக் குழந்தைக்கும் பிறவிக் கோளாறு வருவதற்கு 2 முதல் 3 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மாமன் மகன், அத்தை மகள் சேர்ந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வகுப்பில் நிகழ்தகவு நடத்திய நான் என் வீட்டு வாசலில் அதை மறந்துவிட வேண்டுமா? அப்போது மறுத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உன் அப்பா இதைப் படித்துவிட்டு மறுபடியும் பேச்சை நிறுத்தினால் நிறுத்தட்டும், பழக்கம்தான்.

ஆனால் நீங்கள் இருவரும் என்ன செய்தீர்கள்? விமானங்கள் ஓடத் தொடங்கியதும் அவள் மார்கழியில் விடுப்பில் வந்தாள். வந்த ஒன்றரை மாதத்துக்குள் கல்யாணம் முடிந்தது, அந்த அவசரமே சந்தேகத்துக்கு இடம் என்று அதிகாரி எழுதியிருக்கிறார். அந்த மார்கழியில் நடந்த இன்னொன்று அவருக்குத் தெரியாது. டாக்டர் சொன்னால்தான் சம்மதம் என்று நான் நிபந்தனை போட்டேன். நீங்கள் இருவரும் பஸ் ஏறிப் பெங்களூரு போய் மரபணு ஆலோசனை சொல்லும் மருத்துவரைப் பார்த்தீர்கள். மூன்று தலைமுறைக்கு யார் யாரைக் கட்டினார்கள், எந்தக் குழந்தை தங்கவில்லை என்று என்னிடம் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போனீர்கள். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்கள். அவர் விளக்கி எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தீர்கள். அதன் பிறகுதான் நான் தலையசைத்தேன். படத்தில் இறுக்கமாக நின்றதற்குக் காரணம், அப்போதும் எனக்கு முழு நிம்மதி வரவில்லை என்பதுதான்.

யோசித்துப் பார். விசாவுக்காகக் கல்யாணம் செய்கிறவன், பிறக்கப்போகும் குழந்தைக்காகக் கல்யாணத்துக்கு முன்பே மருத்துவமனை வாசலில் காத்து நிற்பானா? அந்தக் கடிதத்தில் தேதி இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தைய தேதி. அன்று மனதில் என்ன இருந்தது என்ற இரண்டாவது கேள்விக்கு நம் கையில் அதைவிட நல்ல விடை இல்லை. வழக்கறிஞரிடம் நேற்று இதைச் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார். மானத்தைப் பற்றி அவருக்கு விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

உறவுக்குள் நடந்ததால் கல்யாணமே செல்லாது என்று ஓர் ஏஜென்ட் உன்னைப் பயமுறுத்தினான் அல்லவா? நம் நாட்டு 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் இந்த உறவைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது, உண்மை. ஆனால் இரு தரப்பு வழக்கமும் அனுமதித்தால் தடை இல்லை என்றும் அதுவே சொல்கிறது. கனடாவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் நேர் வாரிசு உறவையும் உடன்பிறந்தவர்களையும்தான் தடுக்கிறது. நம் பக்கம் இது வழக்கம் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொடுக்க நம் ஊர்ப் பெரியவர்கள் இருவர் சம்மதித்துவிட்டார்கள். அந்த ஏஜென்டுக்கு இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அங்கே காசு வாங்கிக்கொண்டு வாதாட வழக்கறிஞர், உரிமம் பெற்ற ஆலோசகர் போன்றவர்களுக்குத்தான் அனுமதி.

இன்னொரு விஷயத்தில் உன்மீது கோபமாகவே இருக்கிறேன். பேசுகிற கொஞ்ச நேரத்திலும் நீ அவளிடம் 'இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை' என்கிறாயாம். வீடியோவில் சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறாயாம். மகள் அழுதாள். புருஷனோடு பேசுகிறேனா, கோப்புக்குத் தாள் சேர்க்கிறேனா என்று தெரியவில்லை அம்மா என்றாள். போன் அழைப்புப் பட்டியல் தானாகவே இருக்கிறது. வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பாயத்தில் கேட்கப்போவது நீ எத்தனை படம் வைத்திருக்கிறாய் என்பதை அல்ல. அவள் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருகிறாள், யாரோடு சண்டை, எதற்கு மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்பார்கள். நேர்காணலில் அவள் வேலை மாறிய மாதம் உனக்குத் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் அன்பு இல்லாதது அல்ல, நீ கேட்காதது. கேள். உன் பக்கத்தையும் சொல். ஆனி மாதத்தில் மாங்கூழ் ஆலை வாசலில் லாரி வரிசை நெடுஞ்சாலை வரை நின்றதை, பெங்களூரா விலை விழுந்து சித்தப்பா பழத்தைப் பறிக்காமலே விட்டதை அவளிடம் சொன்னாயா? அவள் இந்த மண்ணின் பெண். அதையெல்லாம் கேட்க ஏங்கிக் கிடக்கிறாள்.

விசாரணை வீடியோவில் நடக்கும். அவள் ஊரில் காலை 9 என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. பண்ணையிலிருந்து சேரலாம் என்று கனவு காணாதே, என் வீட்டுக்கு வந்துவிடு. மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே செலவில்லாமல் தரும். ஈழத்தமிழராக இருக்கலாம், நிதானமாகப் பேசு, புரியவில்லை என்றால் திரும்பக் கேள். அவள் சாட்சி சொல்லும்போது நீயும் நானும் கேட்க முடியாது, வெளியே இருக்க வேண்டும். ஆகவே ஒத்திகை பார்க்காதே. ஒரே மாதிரி மனப்பாடம் செய்த பதில்களை நான் விடைத்தாளில் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பேன் என்பது உனக்குத் தெரியும். அழுவதும் வேண்டாம். திருமணம் உண்மை என்று நிரூபிக்காத வரை பரிவின் பேரில் அனுமதி கொடுக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

வென்றாலும் மறுநாளே டிக்கெட் கிடையாது. கோப்பு மறுபடி விசா அலுவலகத்துக்குப் போகும். மருத்துவப் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும் என்பதால் புதிதாக எடுக்க வேண்டும். போலீஸ் சான்றிதழும் திரும்பக் கேட்கலாம். தோற்றால் 15 நாட்களுக்குள் ஃபெடரல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அதைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம். 'எப்போதப்பா கிளம்புகிறாய்' என்று கேட்கிறவர்களை என்னிடம் அனுப்பு.

அந்த மருத்துவரின் கடிதம் உன் அம்மாவிடம் இருக்கிறது, பீரோவின் உள்ளறையில் நிலப் பத்திரங்களோடு வைத்ததாகச் சொன்னார். குடும்ப மரத்தை வரைந்த தாளும் அதோடுதான் இருக்க வேண்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டு நாளை காலை பஸ் ஏறு. இங்கேயே ஸ்கேன் செய்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டியதைக் கொடுத்துவிடலாம். வரும்போது நிப்பட்டு வாங்கி வராதே, டாக்டர் எனக்கு எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு இன்றிரவு பேசு. கடிதத்தைப் பற்றி நான் சொல்லிவிட்டேன், நீ வேறு எதையாவது பேசு.

உன் அத்தை