பாலர் வகுப்புக்குப் பாடம் எழுதுகிறவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான பாடக் குழுவினருக்குத் தோத்திரம்.

மெஞ்ஞானபுரத்துக்கு மேற்கே, தேரிக்காட்டு ஓரத்து ஊரில் பத்தொன்பது வருஷமாகப் பாலர் வகுப்பு எடுத்து வருகிறேன். இந்தக் கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நீங்கள் அனுப்பிய இரண்டாம் நாள் பாடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'ஆதாம் பாவம் செய்யும்முன் ஓர் எறும்புகூடச் சாகவில்லை' என்று அதில் இருந்தது. சிங்கமும் ஆட்டுக்குட்டியும் பக்கத்தில் பக்கத்தில் புல் மேய்கிற படம். பிள்ளைகள் ஆசையாக வண்ணம் தீட்டினார்கள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் பிஸ்கட்டுக்கு ஓடிவிட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று மட்டும் எழும்பவில்லை. லெந்து என்னும் தவக்கால நாட்களில் அவளுடைய இரண்டு மாதத் தம்பியைக் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் அடக்கம்பண்ணினோம். கையில் இருந்த தாளை மடித்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், தம்பி என்ன பாவம் செஞ்சான்?"

"ஒண்ணுமே செய்யலம்மா" என்றேன்.

"பாடத்துல அப்படித்தான போட்டிருக்கு?"

அவள் வண்ணம் தீட்டிய தாள் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. ஆட்டுக்குட்டிக்கு மஞ்சள். கீழே 'மரணம் ஏன் வந்தது?' என்ற கேள்விக்கு விடப்பட்ட கோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

நீங்கள் ஏன் இப்படி எழுதுகிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆதாமுக்கு முன்பே சாவு இருந்தால் அது வேதம் சொல்கிற 'பாவத்தின் சம்பளம்' ஆகாது, சம்பளம் ஆகாவிட்டால் சிலுவையில் கர்த்தர் எதைச் செலுத்தினார் என்று பயப்படுகிறீர்கள். அது சின்னப் பயம் அல்ல. ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் வந்தது என்கிற ரோமர் ஐந்தாம் அதிகாரத்தை நானும் விசுவாசிக்கிறவள்தான். ஆனால் பவுல் அங்கே 'எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்' என்றுதான் எழுதுகிறார். ஆட்டையும் எறும்பையும் அவர் பேசவில்லை. 'ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல' என்று கொரிந்தியருக்கு எழுதும்போதும் கிறிஸ்துவுக்குள் உயிர்ப்பிக்கப்படுகிறவர்களையே சொல்கிறார். புசிக்கும் நாளில் சாகவே சாவாய் என்று தேவன் சொன்ன அந்த நாளில் ஆதாம் விழுந்து சாகவில்லை, 930 வருஷம் உயிரோடிருந்தான். அன்றைக்கு அவனுக்கு நேர்ந்தது, தேவனுடைய சத்தம் கேட்டு மரங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டது. அந்த மரணத்தைப் பிள்ளைகளுக்கு என்னால் சொல்லிக்கொடுக்க முடியும். பொய் சொல்லிவிட்டு அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்பது அவர்களுக்கும் தெரியும்.

மிருகங்களுக்குப் பசுமையான பூண்டுகளை ஆகாரமாகக் கொடுத்தேன் என்று ஆதியாகமம் 1:30 சொல்கிறது, அதை மறைக்கவில்லை. அதே வேதத்தில், சிருஷ்டிப்பைப் புகழ்ந்து பாடுகிற 104ஆம் சங்கீதத்தில், 'பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்து' தேவனிடம் ஆகாரம் தேடுகின்றன. சிங்கம் வைக்கோல் தின்னும் என்று ஏசாயா சொல்வதோ வரப்போகிற நாளைப் பற்றி. டார்வினுக்குப் பயந்து சிலர் வசனத்தை வளைக்கிறார்கள் என்று ஆசிரியர் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். மனுஷனுடைய பாவத்தால் மிருகங்களின் சுபாவம் மாறியது என்பது பொருந்தாது என்று வேதசாஸ்திரி தோமா அக்குவினாஸ் எழுதியது 13ஆம் நூற்றாண்டில். டார்வின் பிறந்ததே 1809இல். முண்டந்துறைப் புலியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். காவோலை விழாமல் குருத்தோலை வராது என்று வீட்டு வாசலிலேயே பார்க்கிறவர்கள்.

அப்புறம் இன்னொன்று. பெரிய பிள்ளைகளை ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிப்போவேன். அங்குள்ள அகழாய்வு அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தரைக்குக் கீழே, தோண்டிய குழியிலேயே முதுமக்கள் தாழிகள் இருக்கின்றன. குனிந்து பார்க்கிற பிள்ளைகள் சத்தம் போடுவதில்லை. பக்கத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. உங்கள் பாடத்தின் பின்னட்டையில் இருக்கிற கணக்கோ, அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650இல் போட்டது: சிருஷ்டிப்பு கி.மு. 4004, ஜலப்பிரளயம் கி.மு. 2348. பத்தாம் வகுப்புப் பையன் கழித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? உலகமே மூழ்கியதாக நாம் சொல்லும் காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முன்பே இங்கே இரும்பு இருந்திருக்கிறது. இந்தக் கணக்குத் தப்பினால் சிலுவையே தப்பு என்று நாமே அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அவன் கணக்கை மட்டும் விடமாட்டான், சிலுவையையும் சேர்த்தே விடுவான். அப்படிப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் என் வகுப்பில் இருந்தவர்கள்.

அந்த எறும்பு வரியை எடுத்துவிடுங்கள். பின்னட்டைக் காலக்கோட்டையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் யோவான் ஒன்பதாம் அதிகாரத்தைப் போடுங்கள். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, 'இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல' என்றார் கர்த்தர். லாசருவின் கல்லறைக்குப் போகையில் அவர் சம்பளக் கணக்குப் பேசவில்லை, கண்ணீர் விட்டார். என்னிடம் கேட்ட பிள்ளைக்கு அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த பாடம் அச்சுக்குப் போகும்முன் உங்களில் ஒருவராவது எங்கள் ஊருக்கு வாருங்கள். காலை ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வகுப்பு. அவள் முதல் வரிசையில்தான் உட்காருவாள்.

இப்படிக்கு,
ஒரு பாலர் வகுப்பு ஆசிரியை