மாலைதீவுக்குப் போக முன் இதை வாசி

மொன்றியல்,
ஒக்டோபர் 2024

அன்புள்ள தம்பி,

மாலைதீவு உதைபந்தாட்டக் கழகம் ஒன்று தனக்கு விளையாட வரச்சொல்லி உன்னைக் கேட்டிருக்கிறது என்றும் நீ போவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறாய் என்றும் அம்மா போன கிழமை சொன்னா. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு அணிக்கு ஓடுகிறவன், நிலையாய் ஓரிடத்தில் நிற்காதவன் என்று ஊரில் கதைக்கிறார்களாம், அதுதான் உன் மனதைப் போட்டு அரிக்கிறதாம். போனில் எது சொன்னாலும் "ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கெய் கமாரா என்று ஒரு முன்கள வீரர். 2022இல் எங்கள் மொன்றியல் அணிக்கு விளையாடினார். அத்தான், மகன், நான் மூன்று பேரும் சபூட்டோ மைதானத்தில் அவரைப் பார்த்தோம். 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய, சாய்ந்த கோபுரம் நிற்கும் பெரிய மைதானத்துக்குப் பக்கத்தில்தான் அது இருக்கிறது, வியோ மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். அப்போது அவருக்கு 37 வயது, ஓட்டத்தில் இளசுகளோடு போட்டி போட முடியாது. ஆனால் பந்து மறுபக்கக் கோட்டோரம் இருக்கும்போதே இவர் தடுப்பாட்டக்காரனின் முதுகுப் பக்கம் மெதுவாய் ஓரடி பின்னுக்கு எடுத்து வைப்பார். அவன் பந்தைப் பார்ப்பதா இவரைப் பார்ப்பதா என்று தலையைத் திருப்புகிற அந்த நேரத்தில் இவர் எழும்பி நெற்றியால் அடித்துவிடுவார். நீ எப்பவும் முன்கம்பத்துக்கு நேரே ஓடுகிறாய், அந்த ஓரடியைக் கொஞ்சம் பழகிப் பார்.

அவர் பிறந்தது சியரா லியோனில், கெனெமா என்ற ஊரில், 1984இல். அங்கே சண்டை தொடங்கியது 1991இல். அந்த வயதில் என்னத்தைப் பார்த்திருப்பார் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காம்பியாவுக்கு ஓடி, அங்கிருந்து 2000இல் அகதியாய் அமெரிக்கா போனார். லொஸ் ஏஞ்சலஸ் பக்கம் படித்து, பல்கலைக்கழக அணியில் விளையாடி, 2006இல் அமெரிக்க, கனடா கழகங்கள் ஆடும் எம்எல்எஸ் லீக்கில் கொலம்பஸ் அவரை எடுத்தது. அதற்குப் பிறகு சான் ஹோசே, ஹியூஸ்டன், கன்சாஸ் சிட்டி. 2013இல் இங்கிலாந்தில் நோர்விச்சுக்கு இரவலாய்ப் போய் எவர்ட்டனுக்கு எதிராய்க் கோல் போட்டார், பிரீமியர் லீக்கில் கோல் போட்ட முதல் சியரா லியோன்காரர் அவர்தான். பிறகு மிடில்ஸ்பரோ, திரும்பவும் கொலம்பஸ். 2015இல் அங்கே ஒரே பருவத்தில் 22 கோல்!

இனித்தான் முக்கியமான கதை. 2016 மே மாதம் எங்கள் மொன்றியலுக்கு எதிரான ஆட்டத்தில் கமாரா இரண்டு கோல் போட்டுவிட்டார். தண்டனை உதை ஒன்று கிடைத்தது, மூன்றாவதும் தனக்கு வேண்டும் என்று நின்றார். கொலம்பஸ் அணியில் வழக்கமாய் உதைக்கிற இகுவாயின் என்ற கூட்டாளி விட்டுக்கொடுக்காமல் தானே உதைத்தார். ஆட்டம் 4-4 என்று முடிந்தது, கமாரா வெளியே வந்து மனதில் இருந்ததைக் கொட்டினார், சில நாட்களுக்குள் கொலம்பஸ் அவரை நியூ இங்கிலாந்து அணிக்கு மாற்றிவிட்டது. அந்த எம்எல்எஸ் லீக்கில் வீரனின் ஒப்பந்தம் கழகத்தோடு இல்லை, லீக்கோடுதான். அதனால் பெரும்பாலான வீரர்களை அவர்களைக் கேட்காமலே வேறு நகரத்துக்கு மாற்றிவிட முடியும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் அவர்கள் பாடு. எனக்கு அது கொடுமையாய்த்தான் படுகிறது. முந்திய பருவத்தில் 22 கோல் போட்டவனுக்கே அந்த நிலைமை என்றால், ஊரில் உன்னைப் பற்றிக் கதைக்கிறவர்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? இடம் மாறுகிற முடிவு எத்தனை தரம் வீரனின் கையில் இருக்கிறது?

பிறகு வன்கூவர், கொலராடோ, மினசோட்டா, நடுவில் பின்லாந்திலும் ஒரு பருவம். 2022 ஜனவரியில் 26 வருடத்துக்குப் பிறகு ஆப்பிரிக்கக் கிண்ணத்துக்கு வந்த தன் நாட்டுக்காக, கடைசிக் குழு ஆட்டத்தில் தண்டனை உதையை எடுத்தார், பந்துக்காப்பாளர் பிடித்துவிட்டார். 1-0 என்று தோற்று நாடே வெளியே போனது. அதற்குப் பிறகுதான் மொன்றியலுக்கு வந்து நாங்கள் பார்த்த அந்தக் கோல்களைப் போட்டார். அப்புறம் சிக்காகோ, 2024இல் லொஸ் ஏஞ்சலஸ். அந்த லீக்கில் மட்டும் அது அவருக்கு 11ஆவது கழகம். அந்த வருடம் லாண்டன் டொனவன் அந்த லீக்கில் போட்ட 145 கோலையும் தாண்டிவிட்டார், இனி அவருக்கு மேலே இருப்பது 171 கோல் போட்ட கிறிஸ் வொண்டலவுஸ்கி மட்டும்தான். நாற்பது வயதில் தம்பி!

இங்கே கியூபெக்கில் வீட்டு ஒப்பந்தங்கள் அனேகமாய் ஜூன் 30இல் முடிந்துவிடும், ஜூலை 1ஆம் திகதி ஊரே வீடு மாறும். தெரு முழுக்க மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் கிடக்கும். நாங்களும் பார்க் எக்ஸ்டென்சனில் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடி என்று மாறிக்கொண்டுதான் இருந்தோம், யாரும் எங்களை நிலையில்லாதவர்கள் என்று சொன்னதில்லை. வந்த புதிதில் பகலில் அரசாங்கம் இலவசமாய் நடத்தும் பிரெஞ்சு வகுப்பு, இரவில் பாண் தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வேலை. பெப்ரவரியில் பஸ் தரிப்பில் நிற்கும்போது மூக்குக்குள் ஈரம் உறைந்து குத்தும். அதையெல்லாம் தாங்க முடிந்தது, வகுப்பில் வாயைத் திறந்து பிழையாய் என்றாலும் பேசத் தொடங்கிய பிறகு வேலை இடத்தில் ஆட்கள் சேர்ந்தார்கள். நீயும் அங்கே போனதும் அங்கத்தைய மொழியான திவேகியில் நாலு சொல்லாவது பழகு. பந்து கேட்கிற சொல்லை முதலில் பழகு.

சாப்பாட்டுக்கு நீ கஷ்டப்பட மாட்டாய், சம்பலுக்கு அம்மா இடிக்கிற மாசிக் கருவாடே அங்கேயிருந்துதான் பேர் பெற்றது. நம் நாட்டு வீரர்கள் பலர் ஏற்கெனவே போய் விளையாடிய இடமும்கூட.

ஆனால் கொழும்பில் உன் சம்பளத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்ததை நான் மறக்கவில்லை. அதனால் வாய்ப்பேச்சை நம்பிப் போகாதே. சம்பளம், எந்தத் திகதி, எந்தக் காசில், தங்குமிடம், திரும்பும் விமான ரிக்கெற், காயப்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, எல்லாம் எழுத்தில் வேண்டும், கையெழுத்து வைத்த ஒரு பிரதி உன் கையில் இருக்க வேண்டும். சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வராமல் நீ அங்கே போட்டியில் இறங்க முடியாது, அதை யார் எடுப்பது என்று கேள். பீபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் தராமல் விட்டால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்பவும் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வீரனுக்கு உரிமை உண்டு. யாராவது உன் கடவுச்சீட்டை "பத்திரமாய் வைத்திருக்கிறேன்" என்று வாங்கினால் கொடுக்காதே.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு, நானும் அத்தானும் வாசித்துச் சொன்ன பிறகு கையெழுத்து வை. புதுச் சப்பாத்துக்குக் காசு அம்மாவின் கணக்கில் போட்டிருக்கிறேன், மலிவானதாய்ப் பார்த்து வாங்காதே.

அன்புடன்,
அக்கா