நாற்பது நிமிடத்தில் சேலமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் பயணப் பக்கத்தில் 'தூத்துக்குடி - சேலம் 340 கி.மீ., விமானத்தில் 40 நிமிடம்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். சேலம் பக்கத்து ஓமலூரில் கட்டிக்கொடுத்த என் மகள் அதைப் படித்துவிட்டு, "அப்பா, அப்போ வாராவாரம் வந்துட்டுப் போகலாமே" என்று போன் பண்ணுகிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?

அப்படி நேரே போகிற விமானம் எங்கே இருக்கிறது? எங்கள் ஊர் விமான நிலையமான வாகைக்குளத்தில் ஏறி, சென்னையில் இறங்கி, இன்னொரு விமானம் பிடித்துத்தான் சேலம் விமான நிலையம் இருக்கிற கமலாபுரம் போகவேண்டும். சென்னைக்கு 530, அங்கிருந்து சேலத்துக்கு 265, ஆக 800 கி.மீ. பறக்கிறோம். மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் என்று ரோட்டில் போனாலே 400 கி.மீ. ஆகாது. யாரோ 340-ஐ ஏடிஆர் என்கிற சின்ன விசிறி விமானத்தின் வேகமான மணிக்கு 500 கி.மீ.-ஆல் வகுத்திருக்கிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் ஓடுபாதையில் ஊர்ந்து, ஏறி, இறங்கி நிற்கிற நேரத்தை யார் சேர்ப்பது? 265 கி.மீ. உள்ள சென்னை - சேலத்துக்கே ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகிறது. உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

மகள் வளைகாப்புக்கு நாங்கள் இப்படித்தான் போனோம். முதல் விமானம் தாமதம், சென்னையில் அடுத்ததை விட்டாச்சு. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரம்மா மக்ரூன் டப்பாவைத் திறந்து பார்த்தால், அடியில் பாதி தூளாகி முந்திரிப் பொடியாகக் கிடக்கிறது. ராத்திரி பஸ் ஏறிய என் மச்சான் அதற்குள் சேலத்தில் குளித்து, காபி குடித்து, எங்களுக்குப் போன் போட்டு நலம் விசாரிக்கிறார்.

இது முதல் தடவையும் இல்லை. கோடைமலரில் 'கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் கொடைக்கானல்' என்றீர்கள். அங்கிருந்து மலைக்கு இன்னும் 80 கி.மீ. என்று எழுதினேன், பிரசுரிக்கவில்லை, பரவாயில்லை. 2025 ஜூலையில் பிரதமர் வந்து வாகைக்குளத்தில் புது முனையத்தைத் திறந்தபோது பக்கம் பக்கமாகப் படம் போட்டீர்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டர் ஆனதும் நல்ல விஷயம்தான். அதில் ஏறி எங்கே போகலாம் என்று மட்டும் எழுதவில்லை. சேலத்துக்காரர்கள் பாடு இன்னும் மோசம், 2018-ல் வந்த சென்னை விமானம் 2021-ல் நின்று, 2023 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. அதையும் நீங்கள் எழுதி நான் படித்ததில்லை.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி தூரம், நேரம் போடும்போது நேரடி விமானம் உண்டா, இல்லையென்றால் எங்கே மாறவேண்டும் என்று பக்கத்திலேயே ஒரு வரி சேருங்கள். அப்புறம் இடம் இருந்தால், கமலாபுரத்திலிருந்து சேலம் டவுனுக்கு இன்னும் 20 கி.மீ. போகணும் என்பதையும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
தூத்துக்குடி