கண்ணாடிப் பையும் காணாமல் போன நம்பரும்

தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் வட்டாரத்தில் நாய்த்தீவனம் சில்லறையாக விற்கும் கடைக்கார அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். இதை இங்கிலீஷில் எழுதினால்தான் உங்களில் பாதிப்பேருக்குப் புரியும் என்று என் மகன் சொல்கிறான். இங்கிலீஷிலும் எழுதிப் பார்த்துவிட்டேன், எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில். இரண்டு கட்டைவிரல் வந்தது, ஒரு அழுகிற முகம் வந்தது, அடுத்த நிமிடமே யாரோ கேஸ் சிலிண்டர் விலை கேட்டார்கள். அதனால் இந்தத் தடவை தமிழ். படிக்க வராதவர்கள், சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகும் உங்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்கும் பழக்கமாகும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. 25 கிலோ மூட்டையைப் பிரித்து, ஒரு கிலோ இரண்டு கிலோவாகக் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு விற்கிறீர்களே, அந்தப் பையின் மேல் மூட்டையில் அச்சடித்திருக்கும் வி நம்பரையும் (அரசாங்கப் பதிவு எண்) பேட்ச் நம்பரையும் எக்ஸ்பைரி தேதியையும் எழுதிக் கொடுங்கள். ஒரு மார்க்கர் பேனா, பைக்குப் பத்து விநாடி.

நடந்ததைத் தெருவில் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நாயின் பெயர் சமூசா. ஒரு காது முக்கோணமாக மடிந்து கிடக்கும், பேத்தி வைத்த பெயர். எந்த ஜாதி என்று கேட்டால் இந்த ஊரில் சொல்வோமே, பேவ்மென்ட் ஸ்பெஷல், அதாவது தெருவோரக் கலப்பு நாய். பத்துக் கிலோ எடை, ஏழு வயது. காவடி முடிந்த வாரம் திடீரென்று சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர ஆரம்பித்தது. வெயில் புழுக்கம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வாந்தி. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் வைக்கக் குனிந்தபோது பார்த்தேன், கண்ணின் வெள்ளை மஞ்சளரைத்துப் பூசின மாதிரி இருந்தது. ஈறும் அப்படியே.

மகனின் பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கல்லீரல் என்றார். எலிக் காய்ச்சலாக இருக்கலாம், பூஞ்சை பிடித்த சோளத்தின் நஞ்சாக இருக்கலாம், வேறு எதையாவது தின்றிருக்கலாம் என்றார். "என்னம்மா போடுகிறீர்கள்?" என்று கேட்டார். நான் சாமர்த்தியசாலி அல்லவா, வீட்டில் இருந்த மிச்சத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எடுத்து மேசைமேல் வைத்தேன். "எந்தக் கம்பெனி? பேட்ச் நம்பர் என்ன?" பையைத் திருப்பினேன். மறுபடியும் திருப்பினேன். அதில் என்ன இருக்கிறது பார்க்க? பையின் இந்தப் பக்கம் பெலட் என்கிற காய்ந்த தீவன உருண்டை, அந்தப் பக்கம் டாக்டரின் முகம் தெரிந்தது.

அங்கிருந்தே வாங்கின கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவீர்கள். கவுண்டரில் இருந்த தம்பி நீல டிரம்மைத் திறந்து காட்டினான். மூட்டை எங்கே என்றேன். "எறிஞ்சாச்சு ஆன்ட்டி." இதற்கு முந்தின மூட்டை? ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று மடித்து வைத்திருந்தான், அதை இழுத்துக் காட்டினான். மேல்பக்கத் தையலோடு சேர்த்து வெட்டித் திறந்திருந்தார்கள். பேட்ச் நம்பர் அச்சடிப்பது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். டிரம்மை எப்போதாவது காலி பண்ணிக் கழுவியது உண்டா என்று கேட்டேன். "கொறஞ்சா மேல கொட்டுவோம்" என்றான். அப்படியென்றால் அடியில் கிடப்பது எந்த வருஷத்துப் பெலட் என்று அந்த டிரம்முக்கே தெரியாது.

சமூசா நாலாம் நாள் போய்விட்டது. கொல்லையில் மாமரத்தடியில் புதைத்தோம்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தம்பி வீட்டுக்கு வந்தான். குப்பையைக் கிளறித் தேடி, தையல் நூல் தொங்குகிற ஒரு காகிதத் துண்டைக் கொண்டுவந்திருந்தான். அதில் நம்பர் இருந்தது, தேதி இருந்தது. எந்த மூட்டையுடையது என்று அவனுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் வந்தான் பாருங்கள், அவன் பெற்றோர் நன்றாக வளர்த்திருக்கிறார்கள். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். எனக்கு நாய் இருந்தபோது நம்பரைக் காணோம், நம்பர் வந்தபோது நாயைக் காணோம்.

உங்கள் தீவனம்தான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது. என் வழக்கே அதுதான். மிச்சம் இருந்ததைச் சோதனைக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். பூஞ்சை நஞ்சு மூட்டை முழுக்க ஒரே அளவாகப் பரவியிருக்காது, ஒரு மூலையில் கொத்தாக இருக்கும், கைப்பிடி எடுத்துச் சோதித்தால் தப்பிவிடலாம் என்றார் டாக்டர். பேட்ச் தெரிந்தால் கம்பெனியைக் கேட்கலாம், அதே பேட்ச் வாங்கின மற்ற வீடுகளைக் கேட்கலாம். பல பேட்ச் கலந்த டிரம்மில் யாரை என்ன கேட்பது?

இது கிழவியின் கற்பனை என்று நினைக்கிறவர்களுக்கு: 2011இல் கௌதெங் மாநிலத்தில் பூஞ்சை பிடித்த சோளம் கலந்த மலிவுத் தீவனத்தால் நாய்கள் கூட்டமாகச் செத்தன. நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். சோளத்தில் படரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை உண்டாக்குவது. கல்லீரலைத்தான் தாக்கும். பெலட் செய்யும்போது போடும் சூட்டில் பூஞ்சை சாகும், நஞ்சு சாகாது. மூக்குக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. நம் மலிவு பெலட்டில் பெரும்பங்கு எது? சோளம்தான். நாம் இருப்பது எங்கே? கடல்காற்றில் உப்பு ஜாடியே தண்ணீர் விடுகிற டர்பனில்.

அதற்கு முன்னால் 2007. மெலமைன் என்று ஒரு பொருள், தட்டு செய்யப் பயன்படுவது. லேபிளில் புரதம் என்று போடுகிறார்களே, அதை யாரும் நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். மெலமைனில் நைட்ரஜன் நிறைய. கலந்தால் பரிசோதனையில் புரதம் கூடும், நாயின் சிறுநீரகத்தில் கல் படியும். சீனாவிலிருந்து வந்த தானியப் புரதத்தில் அது கலந்திருந்தது. அமெரிக்காவில் மார்ச் மாதம் கோடிக்கணக்கில் டின்களையும் பைகளையும் விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றார்கள், நம் நாட்டிலும் செல்லப்பிராணிகள் செத்தன, இங்கேயும் தீவனத்தைத் திரும்பப் பெற்றார்கள். எந்தப் பையைத் திருப்பித் தருவது என்று மக்களுக்கு எப்படித் தெரிந்தது? பையில் பேட்ச் நம்பர் இருந்தது. நாளைக்கு அப்படி ஒரு அறிவிப்பு ரேடியோவில் வந்தால், உங்களிடம் முடிச்சுப் பை வாங்கின நாங்கள் எதைப் பார்த்துத் திருப்பித் தருவோம்? முடிச்சையா?

நல்ல தீவனம் எது என்று ஊரே பாடம் எடுக்கிறது. கோழி படம் போட்டதை வாங்கு, ஆட்டுக்கறி படம் போட்டதை வாங்கு, தானியமே இல்லாததை வாங்கு. தானியம் இல்லாதது என் பென்சனில் பாதியை விழுங்கும். அது மட்டுமில்லை, பருப்பும் பட்டாணியும் அதிகம் சேர்த்த அந்த மாதிரித் தீவனத்துக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க அரசு 2018இல் விசாரணையே ஆரம்பித்தது. படம் பார்த்து வாங்குவது பெண் பார்க்கப் போய் மணவறை அலங்காரத்தைப் பார்த்துத் திரும்புகிற மாதிரி. பார்க்க வேண்டியது பின்பக்கம்.

பின்பக்கத்தில் 1947ஆம் ஆண்டின் 36ஆம் சட்டப்படி பதிவு செய்த வி நம்பர் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு நகரலாம். குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்று பார்க்க வேண்டும். பெரிய ஜாதிக் குட்டிக்குக் கால்சியம் மிதமிஞ்சினால் எலும்பு கோணும். அப்புறம் கிலோவுக்கு இத்தனை கிராம் என்று போட்டிருக்கும் கணக்கு. பெலட்டில் புரதம் 180, ஈரம் 100 என்றால், ஈரத்தைக் கழித்து மிஞ்சும் 900இல் 180, அதாவது நூற்றுக்கு 20. டின்னில் புரதம் 70 என்று பார்த்து உதட்டைப் பிதுக்காதீர்கள். அதில் ஈரமே 800, மிச்சம் 200இல் 70, நூற்றுக்கு 35. வளர்ந்த நாய்க்கு ஈரம் கழித்த கணக்கில் நூற்றுக்கு 18ஆவது வேண்டும், குட்டிக்கு 22.5. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. தையல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டின எனக்கே போட வருகிறது. ஆனால் கணக்குப் போட லேபிள் வேண்டுமே! கண்ணாடிப் பையில் எதைக் கழித்து எதை வகுப்பது?

வீட்டுச் சோறே போடலாமே என்பீர்கள். எங்கள் ஆயா காலத்தில் நாய்க்கு மீலி மீல் என்கிற சோளமாவுக் கஞ்சியும் எலும்பும்தான். அந்த நாய்கள் நூறு வருஷம் வாழ்ந்த மாதிரி எல்லாரும் பேசுகிறார்கள். எத்தனை நாய் எதனால் செத்தது என்று யார் எழுதி வைத்தார்கள்? நம் வீட்டுக் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்குமா? இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளக்கும். புரட்டாசி முழுக்க வீட்டில் கறி கிடையாது, நாயும் சேர்ந்து விரதம் இருக்கட்டும் என்று விட முடியுமா? அதற்காகத்தான் பெலட்டுக்கு மாறினேன். நல்லது செய்வதாக நினைத்து மாறினேன்.

எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததற்கு வருகிறேன்.

சில்லறை விற்பனையை நிறுத்தச் சொல்லவில்லை. தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். மாதக் கடைசியில் 20 ரேண்டுக்குத் தீவனம் தருகிற கடை இல்லாவிட்டால் எங்கள் தெருவில் பாதி நாய்கள் குப்பைத்தொட்டியில்தான் சாப்பிடும். பெரிய மூட்டை வாங்கப் பணம் இருந்தாலும் என்னைப் போன்றவர்களுக்கு அது சரிவராது. பத்துக் கிலோ நாய் நாளைக்கு 180 கிராம் தின்றால் 25 கிலோ மூட்டை நாலரை மாதம் வரும். திறந்த மூட்டையை ஆறு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது என்கிறார்கள். அதற்குமேல் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், வைட்டமின் குறையும், இந்தப் புழுக்கத்தில் ஈரமும் கோத்துக்கொள்ளும். சின்ன நாய்க்குச் சின்னப் பைதான் சரி. நீங்கள் செய்வது தேவையான வேலை. அதை ஏன் இப்படி அநாமதேயமாகச் செய்கிறீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நம் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் அவரைக்காய் விற்கிற அம்மாவைக் கேட்டால், எந்தத் தோட்டம், என்றைக்குப் பறித்தது என்று சொல்லுவார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுவார்கள். நீங்களே உங்கள் கடையில் மசாலாவை எடை போட்டுக் கட்டும்போது, தாய்க்கிழங்கு மஞ்சளா, தூளா, எவ்வளவு காரம் என்றெல்லாம் சீட்டு ஒட்டுகிறீர்கள். மனிதர் தின்பதற்கு ஒட்டுகிற கைக்கு, நாய் தின்பதற்கு மட்டும் சீட்டு கனக்கிறதா? வைரவர் கோயிலில் அவருடைய நாய் வாகனத்துக்கு மாலை போடுகிறோம். வாசலில் காவல் இருக்கிறதுக்கு டிரம்மின் அடிமண்டி.

கோபம் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன். மரியாதையாகவே கேட்கிறேன். பையில் அந்த மூன்றையும் எழுதுங்கள். மூட்டையைத் தையலோடு வெட்டினால் வெட்டின துண்டை எறியாமல் டிரம்மின் பக்கத்தில் ஒரு ஆணியில் மாட்டுங்கள். பழசு தீர்ந்து, டிரம்மைத் துடைத்துக் காயவைத்த பிறகு புதுசைக் கொட்டுங்கள். இன்னும் நல்லது, மூட்டையைப் பிரித்து அப்படியே டிரம்முக்குள் நிறுத்திவிடுங்கள். லேபிளும் பத்திரம், டிரம்மில் எண்ணெயும் ஒட்டாது. எழுத நேரம் இல்லை என்றால் லேபிளை ஒரு தாளில் நகலெடுத்துச் சுவரில் ஒட்டுங்கள், வாங்குகிறவர்கள் போனில் படம் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் தேதி அந்த மூட்டையினுடையதாக இருக்கட்டும், போன தீபாவளி மூட்டையினுடையதாக வேண்டாம்.

பக்கத்து வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. ஒன்றுக்கு மூக்கில் வெள்ளைக் கோடு. பேத்தி அதற்கு இப்போதே பெயர் வைத்துவிட்டாள், எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள். பால் மறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் உங்களில் ஒரு கடையிலாவது நம்பர் எழுதின பை தொங்கினால் அந்தக் கடையில்தான் வாங்குவேன், தெருவுக்கும் சொல்லுவேன். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொரு கடையாக வருகிறேன். மார்க்கர் பேனா நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
சமூசாவின் வீட்டுக்காரி,
சாட்ஸ்வொர்த்